கட்டியா, பீனிசமா: மேல்கடைவாய்ப் பல்லுக்கு மேலே தெரியும் வெள்ளை

கேள்வி: கொட்டகலை வாசகர், 2024 ஜனவரி 14

அக்காவுக்கு வலது கன்னம் லேசாக வீங்கியிருக்கிறது. மூக்கும் அந்தப் பக்கம்தான் அடைக்கிறது. ஓபிஜி, அதாவது இரண்டு தாடையும் பற்களும் ஒரே படத்தில் விழும் எக்ஸ்ரே, எடுத்தோம். பல் டொக்டர் பார்த்துவிட்டு, வேரில் நீர்க்கட்டி, மேல்தாடைக்குள் இருக்கும் காற்றறையான சைனஸுக்குள் ஏறியிருக்கிறது, சிடி எடுத்துக்கொண்டு வாருங்கள் என்கிறார். இந்தக் குளிரில் யாருக்குத்தான் பீனிசம் இல்லை? நீர்க்கட்டி எக்ஸ்ரேயில் கருப்பாகத் தெரியும் என்று படித்திருக்கிறேன். இதில் வெள்ளையாக அல்லவா இருக்கிறது? அப்படியென்றால் கட்டியே இல்லை, சும்மா அலைக்கழிக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

ஜனவரி 14, இரவு

கருப்பு வெள்ளைக் கணக்கை முதலில் விடுங்கள் தம்பி. எக்ஸ்ரேயில் எதற்கும் சொந்த நிறம் கிடையாது. பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் கருப்பும் வெள்ளையும். எலும்பு கதிரை நிறையத் தடுக்கும். கட்டிக்குள் இருக்கும் திரவம் அதைவிடக் குறைவாகத் தடுக்கும். காற்று தடுக்கவே தடுக்காது என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் ஒரு நீர்க்கட்டி கீழ்த்தாடை எலும்புக்குள் இருந்தால் கருப்பு ஓட்டையாகத் தெரியும். அதே கட்டி மேல்தாடையில் வளர்ந்து சைனஸுக்குள் தலையை நீட்டினால் சுற்றிலும் காற்று, ஆகவே சாம்பல் வெள்ளை. ஒரே கட்டியின் கீழ்ப்பாதி கருப்பாகவும் மேல்பாதி வெளுப்பாகவும் விழுந்த பிலிம்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் டொக்டர் இல்லை. மலையகத்து ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே அறையிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். படம் எடுத்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 15, காலை

நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் முக்கியமானதை எழுதாமல் படுத்துவிட்டேன். நிறத்தைப் பார்க்காதே என்றால் எதைத்தான் பார்ப்பது? கோட்டைப் பார்க்க வேண்டும்.

மேல்தாடை எலும்புக்குள் இருக்கும் சைனஸின் தரை, பிலிமில் மெல்லிய வெள்ளைக் கோடாக ஓடும். மேல்கடைவாய்ப் பற்களின் வேர் நுனிகள் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும், அல்லது தொட்டுக்கொண்டு நிற்கும். சிலருக்கு வேருக்கும் சைனஸுக்கும் நடுவில் எலும்பே இருக்காது, சளிச்சவ்வு மட்டும்தான். செத்துப்போன பல்லின் வேர் நுனியில் கட்டி உண்டானால் அது எலும்புக்குள் பிறந்த கட்டி. வளர வளரத் தரையைத் தன் தலைமேல் தூக்கிக்கொண்டே போகும். அதனால் வெள்ளைக் கோடு கட்டிக்கு மேலே, அதன் உச்சியைச் சுற்றி வளைந்து தெரியும்.

சைனஸின் சவ்விலேயே உண்டாகும் பொய்க்கட்டி வேறு ஜாதி. சளிச்சவ்வுக்கு அடியில் நீர் கோத்துக் குமிழ் மாதிரி எழும்பும். அது பிறந்ததே தரைக்கு மேலே என்பதால் கோடு அதன் அடியில் அசையாமல் நேராகக் கிடக்கும். குமிழின் தலையில் எலும்பு விளிம்பு இருக்காது. பெரும்பாலும் அதை ஒன்றும் செய்யத் தேவையில்லை. வேறு காரணத்துக்கு எடுத்த படத்தில் தற்செயலாகக் கண்ணில் படும், அவ்வளவுதான்.

ஆக, கோடு மேலேயா கீழேயா? அக்காவின் ஓபிஜியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அதை மட்டும் பாருங்கள். இடது பக்கத்தையும் பாருங்கள். நல்ல பக்கம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் கெட்ட பக்கத்தைப் பார்த்துப் பயனில்லை.

ஜனவரி 15, மாலை

வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் வந்தது. டியூப் லைட் பட்டையும் உங்கள் கட்டைவிரலும் தெளிவாகத் தெரிகின்றன. பிலிமை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, பிளாஷை அணைத்துவிட்டு மறுபடி எடுங்கள்.

ஜனவரி 17

ஓபிஜியை நம்பலாமா என்று பதுளைக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். நம்பலாம், ஆனால் அது எப்படி உண்டாகிறது என்று தெரிந்து நம்ப வேண்டும். இயந்திரம் தலையைச் சுற்றி வரும்போது, தாடை வளைவை ஒட்டிய ஒரு குறுகிய வளையத்துக்குள் இருப்பது மட்டும்தான் தெளிவாக விழும். முன்னால் பின்னால் இருப்பதெல்லாம் மங்கிவிடும். சைனஸின் பெரும்பகுதி அந்த வளையத்தைத் தாண்டி உட்பக்கமாக இருக்கிறது. போதாக்குறைக்குக் கன்ன எலும்பின் நிழலும் அண்ணத்தின் நிழலும் சைனஸுக்குக் குறுக்கே வந்து படுக்கும். மேல்கடைவாய்ப் பக்கம் ஓபிஜியின் பலவீனமான மூலை.

அதற்கு மேல் நம் ஆட்களின் நகை. தோட்டை மட்டும் கழற்றவே மாட்டார்கள். கழற்றினால் ஓட்டை தூர்ந்துவிடுமாம். ஓபிஜியில் ஒரு காதில் போட்ட உலோகத்தின் பேய் நிழல் அதே பக்கத்தில் விழாது. எதிர்ப்பக்கத்தில், கொஞ்சம் உயரத்தில், பெரிதாகி மங்கலாக விழும். கிட்டத்தட்டக் கன்ன சைனஸ் இருக்கும் இடத்துக்கே போய்ச் சேரும். ஒரு முறை ஒரு பாட்டி வந்தார். கொழுந்துக்கூடையை வெளியே வைத்துவிட்டு நேராக மலையிலிருந்து வந்தவர், காதில் கனமான பழைய தோடு. திருகு இறுகிப்போய்க் கழற்ற வரவில்லை, சவர்க்காரம் போட்டும் அசையவில்லை. அப்படியே எடுத்தேன். இரண்டு நாளில் பிலிம் திரும்பி வந்தது, இடது சைனஸில் என்னவோ வெள்ளையாக இருக்கிறது, விளக்கம் தேவை என்று துண்டுடன். விளக்கம் பாட்டியின் வலது காதில் தொங்கிக்கொண்டிருந்தது.

நாக்கும் ஒரு தொல்லை. எச்சிலை விழுங்கி நாக்கை அண்ணத்தில் ஒட்டி வைக்கச் சொல்லுவோம். பாதியில் நாக்கைக் கீழே விட்டால் நடுவில் காற்று புகுந்து, மேல்வேர்களின் மேல் கருப்புப் பட்டை ஒன்று விழும். வேர் நுனியில் என்ன இருந்தாலும் அதில் மறைந்துபோகும்.

ஜனவரி 21

கொட்டகலைத் தம்பி புதிய படம் அனுப்பியிருக்கிறார். வலது பக்கம் முதல் கடைவாய்ப் பல், பெரிய பழைய அடைப்பு. வேருக்கு மேலே வட்டமாக ஒரு வெளுப்பு. அதன் மேல்விளிம்பில் வளைந்த மெல்லிய கோடு, முன்பக்கம் தெளிவாக, பின்பக்கம் கன்ன எலும்பின் நிழலில் காணாமல் போகிறது. சைனஸின் காற்று மேலே ஒரு பிறைத் துண்டாக ஒதுங்கியிருக்கிறது. போனில் பார்த்து நோய் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் பல் டொக்டர் காசுக்காகச் சொல்கிறார் என்ற பேச்சை நிறுத்திக்கொள்ளலாம்.

ஒன்று கேளுங்கள்: அந்தப் பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்தார்களா? குளிர் வைத்துப் பார்ப்பது, மின் சோதனை, இரண்டும் ஐந்து நிமிட வேலை. வேர் நுனி நீர்க்கட்டி செத்த பல்லில்தான் வரும். பல்லின் நரம்பு செத்து, அந்த அழற்சி வேரைச் சுற்றித் தூங்கிக்கொண்டிருக்கும் மலசே செல் எச்சங்களை, அதாவது பல் உருவானபோது மிஞ்சிய செல்களை, தட்டி எழுப்ப, அவை பெருகிக் கட்டியாகின்றன. தாடையில் வரும் நீர்க்கட்டிகளில் பாதிக்கு மேல் இந்த இனம்தான். பல் உயிரோடு இருந்து, அதன் மேல் பெரிய கட்டியும் இருந்தால் கதையே வேறு. அப்போது கெரட்டோசிஸ்ட் என்ற பிடிவாதக் கட்டி, அமெலோபிளாஸ்டோமா என்ற தாடை டியூமர் என்று யோசிக்க வேண்டிவரும். விலை கூடிய ஸ்கேன் சொல்லாத ஒன்றை ஒரு துண்டு ஐஸ் சொல்லிவிடும். இதைச் செய்யாமலே சிடிக்குத் துண்டு எழுதி அனுப்பியவர்களோடு பணிக்காலம் முழுக்க எனக்குச் சண்டைதான்.

ஜனவரி 22

பண்டாரவளை அம்மாவுக்கு: உங்கள் மகனின் பல் பிடுங்கிய இடத்தில் தெரியும் கருப்பு, சைனஸாகவே இருக்கலாம். மேல்கடைவாய்ப் பல்லை எடுத்து வருஷங்கள் ஆனால் சைனஸ் அந்த இடத்துக்குள் கீழே இறங்கி வரும். ஓரம் வட்டமாக, வெள்ளைக் கோட்டோடு, அசல் கட்டி மாதிரியே இருக்கும். சைனஸ் என்றால் உள்ளே குறுக்குச் சுவர் தெரியலாம், சுவரில் இரத்தக்குழாய் ஓடிய மெல்லிய தடம் தெரியலாம். கட்டியில் அந்தத் தடம் இருக்காது. ஊசி போட்டு இழுத்துப் பார்த்தால் சைனஸில் காற்றுதான் வரும். கட்டியென்றால் வைக்கோல் நிறத் திரவம் வரும், வெளிச்சத்தில் பிடித்தால் கொலஸ்ட்ரோல் படிகங்கள் மினுங்கும். கெரட்டோசிஸ்ட்டில் தயிர் மாதிரிக் கெட்டியாக வரும். ஊசி வேலையை டொக்டர் செய்யட்டும்.

ஜனவரி 28

சிடியா, சிபிசிடியா, எம்ஆர்ஐயா? நீண்ட பதில் கேட்டீர்கள், இந்தாருங்கள்.

எலும்புக் கோடு எங்கே உடைந்திருக்கிறது, எந்த வேரிலிருந்து கிளம்பியது, பக்கத்துப் பற்களின் வேர்கள் கரைந்திருக்கின்றனவா என்பதற்குச் சிபிசிடி, அதாவது பல்லுக்கும் தாடைக்கும் கூம்புக் கதிரால் எடுக்கும் சிடி, நல்லது. மெல்லிய துண்டுகளாக, எந்தத் திசையில் வேண்டுமானாலும் வெட்டிப் பார்க்கலாம். அதில் தெரியாதது மென்திசு. கட்டிக்குள் இருப்பது திரவமா, சதையா என்று சிபிசிடியில் பிரித்துச் சொல்ல முடியாது. அதில் வரும் சாம்பல் எண்களைச் திசுவின் அடர்த்தியைச் சொல்லும் சிடியின் ஹவுன்ஸ்பீல்ட் எண்களாக நினைத்துக்கொண்டு பேசுவதும் தப்பு.

கட்டி பெரிது, கன்னத்துக்கோ கண்குழிக்கோ போகிறது என்ற சந்தேகம் இருந்தால் சாதாரண சிடி. எலும்புக்கு ஒரு பார்வை, மென்திசுவுக்கு ஒரு பார்வை, இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும். முகத்துக்கு நேர் எதிரே நின்று வெட்டுகிற கொரோனல் துண்டுகள் கட்டாயம் வேண்டும், சைனஸின் தரையும் கண்குழியின் தரையும் ஒரே படத்தில் தெரிவது அதில்தான். எம்ஆர்ஐ எல்லோருக்கும் தேவையில்லை. உள்ளே கெட்டிப் பகுதி இருக்கிறதா, இது வெறும் நீர்க்கட்டியா, டியூமரா என்று குழப்பம் வரும்போதுதான் அதன் அருமை தெரியும்.

சிபிசிடி எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பல்லுக்கென்று சின்னப் பரப்பில் எடுத்தால் கட்டியின் தலை வெட்டுப்பட்டுப் போகும். வேரிலிருந்து கண்குழித் தரை வரைக்கும், சைனஸ் மூக்குக்குள் திறக்கும் வாசலும் சேர்ந்து வரவேண்டும் என்று டொக்டர் தரும் துண்டுச்சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். தலை வெட்டுப்பட்ட படத்தோடு கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே மறுபடி எடுக்கச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களைத் தெரியும். தோட்டத்தில் ஒரு நாள் பேர் (வேலைக்கு வந்த பதிவு) போனால் அந்த நாள் சம்பளமும் போச்சு.

பெப்ரவரி 2

கதிர் பயம். உலக சராசரியில் இயற்கையாகவே ஒரு மனிதனுக்கு வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் (கதிரை அளக்கும் அலகு) அளவு கதிர் கிடைக்கிறது. ஒரு ஓபிஜி அதில் சில நாள் பங்கு. சிபிசிடி அதைவிடப் பல மடங்கு, சிடி பொதுவாக அதற்கும் மேலே. இயந்திரத்துக்கும் பரப்புக்கும் ஏற்ப மாறும். தேவைக்கு எடுப்பதில் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வரிசையாக எடுத்துக் குவிப்பதிலும் அர்த்தமில்லை. கர்ப்பிணி என்றால் எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அவசரமில்லாத கட்டிப் படம் பிரசவம் வரை காத்திருக்கலாம்.

ரொன்ட்ஜன் என்ற விஞ்ஞானி எக்ஸ்ரே கதிரைக் கண்டது 1895 நவம்பரில். 1896 ஜனவரியிலேயே ஜெர்மனியில் வால்கொஃப் என்ற பல் டொக்டர் தன் சொந்தப் பல்லைப் படம் எடுத்தார். அதற்கு 25 நிமிடம் அசையாமல் இருந்தாராம். எங்கள் ஆட்கள் ஓபிஜியின் பதினைந்து விநாடிக்குள் மருமகளைக் கூப்பிட்டு இரண்டு வேலை சொல்லிவிடுவார்கள்.

பெப்ரவரி 11

அக்காவின் சிடி ரிப்போர்ட் வந்திருக்கிறது. தட்டச்சு செய்து அனுப்பியதற்கு நன்றி. அதில் உள்ளதைச் சாதாரணப் பேச்சில் சொல்கிறேன். வலது முதல் கடைவாய்ப் பல்லின் வேர்களைச் சுற்றி எலும்பு கரைந்திருக்கிறது. அங்கிருந்து கிளம்பிய வட்டமான ஒன்று சைனஸின் முக்கால் பங்கை நிரப்பியிருக்கிறது. மேலே முட்டை ஓடு மாதிரி மெல்லிய எலும்பு விளிம்பு, பின்பக்கம் ஓரிடத்தில் விளிம்பு இல்லை. கண்குழித் தரை சுகமாக இருக்கிறது. சைனஸின் சவ்வு தடித்திருக்கிறது.

பின்பக்கம் விளிம்பு இல்லையே என்று தம்பி பயந்திருக்கிறார். ஜனவரி 15 குறிப்போடு இதையும் சேர்த்துப் படியுங்கள்: கோடு மேலே வளைந்து தெரிந்தால் பல்லிலிருந்து வந்தது என்று துணிந்து சொல்லலாம், ஆனால் அங்கங்கே கோடு விட்டுப்போனால் உடனே கெட்டது என்று முடிவு கட்டக் கூடாது. கட்டியில் சீழ் பிடித்தால் விளிம்பு கரையும். ரொம்பப் பெரிதாகி எலும்பு காகிதமாக மெலிந்தாலும் படத்தில் விழாது. சவ்வு தடித்திருப்பதும் பல்லின் தொற்றால் வந்ததாக இருக்கலாம். மூக்கடைப்பு ஒரே பக்கம், அதுவும் நாற்றத்தோடு என்றால் பல்லைச் சந்தேகப்படு என்பது ஈஎன்டி கிளினிக்கில் பழகிய பாடம். பனியால் வரும் சளி வலது மூக்கை மட்டும் தேர்ந்தெடுத்து அடைப்பதில்லை.

பெப்ரவரி 12

"கேன்சராக இருக்குமா" என்று மூன்று பேர் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. தோட்டப்புறத்தில் வெற்றிலை, புகையிலை, பாக்கு எவ்வளவு ஓடுகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. படத்தில் வித்தியாசம் என்னவென்றால், நீர்க்கட்டி எலும்பைத் தள்ளும், மெல்ல மெல்ல ஊதிப் பெரிதாக்கும், ஓரம் வழவழப்பாக இருக்கும். புற்று தள்ளாது, தின்னும். ஓரம் கிழிந்த மாதிரி, சுவர் இருந்த இடத்தில் சுவரே இல்லாமல் இருக்கும். கன்னம் மரத்துப்போவது, ஒரு காரணமும் இல்லாமல் பற்கள் ஆடுவது, மூக்கில் இரத்தம், ஆறாத புண், இவற்றில் ஏதாவது இருந்தால் இந்த இழையைப் படித்துக்கொண்டு இருக்காதீர்கள். எழுந்து போங்கள்.

அக்காவுக்கு இவை எதுவும் இல்லை.

பெப்ரவரி 19

இதைப் படித்துவிட்டு ஒருவர் பையனின் வேட்டைப்பல் முளைக்கவில்லை என்று எழுதியிருந்தார். முளைக்காத பல்லை அலட்சியம் செய்யாதீர்கள். அதன் தலையைச் சுற்றி வரும் நீர்க்கட்டி, வேர்க்கட்டிக்கு அடுத்தபடி அதிகம் காணப்படுவது. பல் எனாமல் முடியும் கழுத்தில் ஒட்டிக்கொண்டு தலையை மட்டும் மூடியிருக்கும், அதுதான் படத்தில் அடையாளம். பள்ளிக்கூடப் பையன் ஒருவனுக்குக் கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறது என்று கண் கிளினிக்கில் இருந்து எங்களிடம் அனுப்பினார்கள். மூக்கும் தாடையும் தட்டில் படும்படி வைத்து சைனஸைக் காட்டும் வாட்டர்ஸ் படம் எடுத்தேன். இடது சைனஸ் முழுக்க வெளுப்பு. அதன் கூரைக்கு அடியில், கண்குழித் தரையைத் தொட்டுக்கொண்டு, தலைகீழாக ஒரு பல். கட்டிதான் பல்லை அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. பிலிமை டார்க் ரூமில் இருந்து சொட்டச் சொட்ட எடுத்து வந்து காட்டினேன், கண் டொக்டர் என்னையும் பார்த்தார், பையனின் வாயையும் பார்த்தார்.

மார்ச் 9

பயொப்சி முடிவு வந்துவிட்டதாம்: வேர் நுனி நீர்க்கட்டி, அழற்சியோடு. வேறொன்றும் இல்லை. பல்லை எடுத்துக் கட்டியையும் எடுத்திருக்கிறார்கள், சைனஸ் பக்கம் திறந்த வழியைச் சதை மடிப்பால் மூடியிருக்கிறார்கள். இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். அதை மட்டும் கடைப்பிடியுங்கள்.

படம் இவ்வளவு பேசியும் ஏன் பயொப்சி என்று கேட்டவருக்கு: படம் காட்டுவது கட்டியின் வீட்டையும் வழியையும்தான், ஜாதியை நுண்ணோக்கிதான் சொல்லும். கெரட்டோசிஸ்ட்டின் கதையைப் பாருங்கள். 2005 இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அதை டியூமர் பட்டியலில் போட்டார்கள், 2017 இல் மறுபடி நீர்க்கட்டிப் பட்டியலுக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய பெரிய ஆட்களே நுண்ணோக்கியில் பார்த்தும் அதை எங்கே உட்கார வைப்பது என்று இடம் மாற்றியிருக்கிறார்கள். எடுத்த பிறகும் திரும்ப வரும் குணம் அதற்கு உண்டு, வருஷக்கணக்கில் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அக்காவுக்கு அந்தத் தொல்லை இல்லை, எலும்பு நிறைகிறதா என்று டொக்டர் சொல்லும் நேரத்தில் ஒரு படம் எடுத்துப் பார்த்தால் போதும்.

மார்ச் 24

பழைய பிலிம்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு. எறியாதீர்கள். அடுத்த படத்தில் கட்டி சுருங்குகிறதா வளர்கிறதா என்று பழையதை வைத்துத்தான் சொல்ல முடியும். நம் ஊர் ஈரத்தில் பிலிம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பூஞ்சணம் பிடிக்கும். அடுப்படிக்கு மேலே சொருகி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், புகையும் சூடும் இன்னும் மோசம். இடையில் வெள்ளைக் காகிதம் வைத்து, அலுமாரியில் துணிகளுக்கு நடுவே படுக்க வையுங்கள். 2022 நெருக்கடி நேரத்தில் எங்கள் அறையில் பிலிமுக்கே தட்டுப்பாடு, திரையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போகச் சொன்னோம். அந்தப் படங்கள் பல போனோடு போய்விட்டன. யாரிடமாவது இன்னும் இருந்தால் இன்றைக்கே மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

சிடி எடுத்த இடத்தில் தரும் டிஸ்கையும் கேட்டு வாங்குங்கள், பிலிமில் சில துண்டுகளைத்தான் அச்சடிப்பார்கள், டிஸ்கில் எல்லாம் இருக்கும். உறையில் பெயரும் திகதியும் எழுதலாம். டிஸ்க்கின் பளபளப்புப் பக்கத்தில் போல்பொயின்ட் பேனாவால் எழுதிக்கொண்டு வந்து, கணினி திறக்கவில்லை என்று என்னோடு சண்டை பிடிக்காதீர்கள்.